அந்த நாலு வரியைக் கற்றுக்கொள்ள ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வேண்டுமா?

இந்த வாரம் வந்த கடிதங்களில் நீளமானது இது. நாலு பக்கம். சுருக்கிச் சொல்கிறேன். எழுதியவர் 24 வயதுப் பெண். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், 71 சதவீதம், அரியர் இல்லை, பிளஸ் டூவில் கணக்கு எடுத்தவர். தென்மாவட்டத்தில் ஒரு நூற்பாலையில் மூன்று வருடமாக வேலை. பதவியின் பெயர் சிஸ்டம் அட்மின், ஆனால் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். சம்பளம் 14,500. நெட்வொர்க் துறைக்குப் போக வேண்டும் என்று ஆசை. முன்னால் மூன்று வழி இருக்கிறது, எதில் போவது என்று தெரியவில்லை.

முதல் வழி, சென்னையில் ஒரு இன்ஸ்டிட்யூட். சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழ்களான சிசிஎன்ஏ (அடிப்படை), சிசிஎன்பி (அடுத்த நிலை), அதோடு நெட்வொர்க்குக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால், மூன்றும் சேர்த்து ஆறு மாத கோர்ஸ், 1,40,000 ரூபாய், 'நூறு சதவீத பிளேஸ்மென்ட்'. பாதிப் பணம் முதலில், மீதி தவணையில், தவணை முடிகிற வரைக்கும் ஒரிஜினல் மார்க் ஷீட்டுகளை அவர்களிடம் கொடுத்து வைக்க வேண்டுமாம். இரண்டாவது, கோவைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் முழுநேர எம்.சி.ஏ. மூன்றாவது, இங்கிலாந்தில் இருக்கும் சித்தப்பா 'இங்க வந்து நெட்வொர்க்கிங்ல எம்.எஸ்சி. பண்ணு, ஒரே வருஷம்' என்கிறார். செலவு 24 லட்சம். அப்பா வீட்டுப் பத்திரத்தை எடுத்து பீரோவில் மேலே வைத்துவிட்டாராம்.

இத்தோடு சில சந்தேகங்கள். பி.எஸ்சி. படித்தவர்களை நெட்வொர்க்கில் எடுப்பார்களா, பெண்களுக்கு நைட் ஷிஃப்ட் ஒத்து வருமா, ஏஐ வந்து இந்த வேலையே போய்விடுமா. கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் சொல்வதுபோல ஒரு சம்பவம். போன மாதம் ஒரு நாள் காலையில் மில்லில் பாதி கம்ப்யூட்டர்களுக்கு சர்வர் கிடைக்கவில்லை. ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் உள்ள அடையாள எண்) எப்போதும் 10.10.5 என்று தொடங்கும், அன்றைக்கு 192.168.0 என்று மாறியிருந்தது. மதுரையிலிருந்து வெண்டர் ஆள் வந்தார், நீலக் கேபிளை ஸ்விட்ச்சில் (கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியில்) செருகினார், நாலு வரி அடித்தார், டீ குடித்தார், போய்விட்டார். 'அந்த நாலு வரி என்னவென்று அவரிடம் கேட்டேன் சார், உனக்கு அது புரியாதும்மா என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.'

சகோதரி, முதல் மூன்று பக்கத்தைப் படிக்கும்போது வழக்கமான கடிதம் என்றுதான் நினைத்தேன். கடைசிப் பக்கம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஐபி மாறியிருந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், பழையது என்ன, புதியது என்ன என்று குறித்து வைத்திருக்கிறீர்கள். சென்ற வருடம் நான் ஆள் எடுக்க உட்கார்ந்தபோது, பயோடேட்டாவில் சிசிஎன்பி போட்டிருந்த ஒரு பையனிடம், 'ஒரு கம்ப்யூட்டருக்கு 169.254 என்று ஐபி வந்திருந்தால் என்ன அர்த்தம்?' என்று கேட்டேன். ஏசி சத்தம் மட்டும்தான் கேட்டது. முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து பதில் வரவில்லை, அதனால் கம்ப்யூட்டர் தானாக ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டது, அவ்வளவுதான் விடை. இதை நீங்கள் மூன்று வருடத்தில் முப்பது தடவை கண்ணால் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் தெரிந்திருக்காது.

எனவே எந்த கோர்ஸ் பெரியது என்று பார்ப்பதைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். உங்கள் விஷயத்தில் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசைதான் முக்கியம். மூன்று வழியிலும் நல்லது கொஞ்சம் இருக்கிறது, ஆனால் மூன்றையும் உங்களிடம் விற்க வருகிறவர்கள் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள். அதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

அந்த நாலு வரி

முதலில் தூக்கத்துக்கு வழி செய்வோம். நான் அங்கே இல்லை, அதனால் ஊகம்தான், ஆனால் நீங்கள் எழுதிய அடையாளங்களை வைத்துப் பார்த்தால் ஊகம் தப்பாகாது என்று நினைக்கிறேன். லாரி எடை போடும் வே பிரிட்ஜ் ரூமிலோ கேன்டீனிலோ யாரோ ஒருவர் போனில் வைஃபை வேண்டும் என்று வீட்டிலிருந்த ரூட்டரைக் கொண்டுவந்து, சுவரில் இருந்த நெட்வொர்க் பாயிண்ட்டில் மாட்டியிருக்கிறார். இன்டர்நெட் வரும் துளையில் செருகாமல் பக்கத்தில் வரிசையாக இருக்கும் நாலு துளைகளில் ஒன்றில் செருகியிருக்கிறார். அந்தக் குட்டி ரூட்டருக்குள்ளும் ஒரு டிஹெச்சிபி சர்வர் உண்டு. காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அது 'எனக்கு யாராவது ஒரு முகவரி கொடுங்கள்' என்று மொத்த நெட்வொர்க்கிலும் கூவும். யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும். மில் சர்வரை முந்திக்கொண்டு குட்டி ரூட்டர் பதில் சொல்லியிருக்கிறது. முதல் நாளிலிருந்தே அணைக்காமல் ஓடிய கம்ப்யூட்டர்கள் தப்பித்தன, காலையில் ஆன் செய்தவை மாட்டிக்கொண்டன. பாதிக்கு மட்டும் பாதிப்பு வந்ததற்குக் காரணம் இதுதான்.

வெண்டர் ஸ்விட்ச்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கை, அதாவது முகவரி கொடுப்பது யார் என்று ஸ்விட்ச்சே கண்காணிக்கும் வசதியை, ஆன் செய்திருப்பார். ஸ்னூப்பிங்கை இயக்கு என்று ஒரு வரி, எந்த விலேனுக்கு (நெட்வொர்க்குக்குள் தனியாகப் பிரித்து வைத்த பகுதிக்கு) என்று ஒரு வரி, உண்மையான சர்வரின் கேபிள் செருகியிருக்கும் போர்ட்டுக்குள் நுழைய ஒரு வரி, அந்த போர்ட்டை நம்பு என்று ஒரு வரி. எண்ணிப் பாருங்கள், நாலு. இனிமேல் அந்த ஒரு போர்ட் தவிர வேறு எங்கிருந்தாவது முகவரி கொடுக்க எவராவது முயன்றால் ஸ்விட்ச் தடுத்துவிடும்.

இது சிசிஎன்ஏ பாடத்திட்டத்தில், பாதுகாப்பு பற்றிய பகுதியில், அப்பட்டமாக இருக்கிறது. 'உனக்குப் புரியாதும்மா' என்ற ரகமே இல்லை.

ஒரு லட்சத்து நாற்பதாயிரம்

இப்போது இன்ஸ்டிட்யூட். ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுக்காதீர்கள். இதில் 'ஆனால்' எதுவும் கிடையாது. நாளைக்கே நல்ல இடத்தில் வேலை கிடைத்துச் சேரப் போனால் சரிபார்க்க ஒரிஜினல் கேட்பார்கள். அன்றைக்கு அது யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதைத்தான் நீங்கள் கேட்க வேண்டியிருக்கும். தவணைக்கு ஈடு வேண்டுமென்றால் ஜெராக்ஸும் பின்தேதியிட்ட செக்கும் கேட்கட்டும், சான்றிதழைப் பிடித்து வைப்பது எதற்கு?

'நூறு சதவீத பிளேஸ்மென்ட்' பற்றி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வேலை உத்தரவாதம், தேர்ச்சி உத்தரவாதம் என்று பொய்யாக ஆசை காட்டக் கூடாது என்பது அதில் உண்டு. அதனால் இப்போது நோட்டீஸில் போடாமல் வாயால் சொல்கிறார்கள். அவர்கள் வாயால் சொன்னதை மெயிலில் கேளுங்கள்: வேலை கிடைக்காவிட்டால் எவ்வளவு பணம், எத்தனை நாளில் திரும்ப வரும்? பதில் வருகிறதா பாருங்கள். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் இதைப் படித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பாண்டு விஷயமும் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சேர்த்துவிடும் கம்பெனியில் இரண்டு வருட பாண்டு, 'அதெல்லாம் கோர்ட்டில் செல்லாது, தைரியமா கையெழுத்து போடு' என்று தோழி சொன்னாராம். தோழியின் நல்லெண்ணம் புரிகிறது, ஆனால் அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு வங்கி அதிகாரி மூன்று வருடம் முடிவதற்கு முன்பே வேலையை விட்டதற்காக இரண்டு லட்சம் கட்ட வேண்டியிருந்த விஜயா வங்கி வழக்கில், அந்த நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லா பாண்டும் செல்லும் என்று அர்த்தம் இல்லை. படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது, அவ்வளவுதான்.

பாடத்துக்கு வருவோம். சிசிஎன்ஏ முடித்தால்தான் சிசிஎன்பி எழுத விடுவார்கள், அதனால் சேர்த்துப் படிப்பதுதான் லாபம் என்று அவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த விதி 2020 பிப்ரவரியோடு போய்விட்டது. அந்த மாதம் 24ஆம் தேதி சிஸ்கோ தன் தேர்வுகளையே மாற்றியமைத்தது. தனித்தனியாக இருந்த பல சிசிஎன்ஏக்களை 200-301 என்ற ஒரே தேர்வாக்கியது, முன்நிபந்தனைகளையும் எடுத்துவிட்டது. இன்று யார் வேண்டுமானாலும் நேராக சிசிஎன்பி எழுதலாம். எழுதலாம் என்பதற்காக எழுத வேண்டியதில்லை. ஆறு மாதத்தில் மூன்றையும் முடித்தேன் என்று வருகிறவர்களைத்தான் எங்கள் பக்கம் 'பேப்பர் சிசிஎன்பி' என்பார்கள். மேலே சொன்ன பையன் அந்த வகை.

சேர்வதற்கு முன் இன்னொன்றும் கேளுங்கள். 1,40,000-இல் தேர்வுக் கட்டணம் சேர்த்தியா? சிசிஎன்ஏவுக்கு 300 டாலர். சிசிஎன்பி இரண்டு தேர்வு, 400, 300 என்று மொத்தம் 700 டாலர். இதற்கு மேல் வரி. பெரும்பாலும் 'எக்ஸாம் ஃபீஸ் தனி' என்று ஒரு வரி கீழே சின்னதாக இருக்கும். அப்புறம் 'டம்ப்ஸ் தருவோம், பாஸ் நிச்சயம்' என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். திருட்டுக் கேள்வித்தாளை மனப்பாடம் செய்து எழுதியது தெரிந்தால் சிஸ்கோ சான்றிதழை ரத்து செய்யலாம், இனி எழுதவே முடியாதபடி தடையும் போடலாம். அது கிடக்கட்டும், இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

இன்ஸ்டிட்யூட்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நல்ல ஆசிரியர் இருந்தால், சிசிஎன்ஏ மட்டும், வார இறுதியில், நியாயமான கட்டணத்தில் என்றால் போகலாம். ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். லேப்பில் மாணவர்கள் கையில் கேபிள் இருக்கிறதா, எல்லோரும் ப்ரொஜெக்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள்.

எம்.சி.ஏ.

இதில் ஒரு தப்பான கணக்கு. மூன்று வருடம் போய்விடும் என்று பயந்திருக்கிறீர்கள். 2020-21 முதல் எம்.சி.ஏ. இரண்டு வருடமாகிவிட்டது, ஒருசில இடங்களில் மட்டும் பழையபடி நடக்கிறது.

எம்.சி.ஏ. உங்களை நெட்வொர்க் ஆளாக மாற்றாது. பாடத்திட்டத்தில் நெட்வொர்க் ஒரு தாளாக வரும், அதில் ஏழு அடுக்குகளை வரிசையாக எழுதச் சொல்வார்கள். கேம்பஸுக்கு வருகிற கம்பெனிகளும் பெரும்பாலும் சாஃப்ட்வேர் எழுத ஆள் தேடித்தான் வருவார்கள். ஆனால் பட்டத்துக்கென்று ஒரு மதிப்பு இருக்கிறது, அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. நானும் பி.எஸ்சி. இயற்பியலோடு இந்தத் துறைக்கு வந்தவன், முதல் பத்து வருடம் யாரும் பட்டத்தைக் கேட்கவில்லை, டீம் லீடராகும்போது எச்.ஆர். கேட்டார்கள். பி.எஸ்சி.யை எடுப்பார்களா என்ற உங்கள் சந்தேகத்துக்கும் இதுவே பதில்: உள்ளே வர அது போதும், மேலே போகும்போது சில இடங்களில் இடிக்கும். வங்கிகளில் ஐ.டி. அதிகாரி வேலைக்கு ஐபிபிஎஸ் நடத்தும் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு வருட இன்ஜினியரிங் அல்லது முதுநிலைப் பட்டம் கேட்கிறார்கள், பி.எஸ்சி. மட்டும் வைத்துக்கொண்டு எழுத முடியாது, எம்.சி.ஏ. இருந்தால் எழுதலாம். வயது வரம்பு 30. வெளிநாட்டு விசாக்களிலும் சில இடங்களில் மூன்று வருடப் பட்டம் மட்டும் இருந்தால் இழுபறியாகும்.

அதனால் எம்.சி.ஏ. படியுங்கள், ஆனால் வேலையை விட்டு அல்ல. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், அதாவது இக்னோவில், எம்.சி.ஏ. இருக்கிறது, ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு தடவை சேர்க்கை. பிளஸ் டூவில் கணக்கு இருப்பதால் உங்களுக்குத் தடை இல்லை. முறையாக அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. லேப் வகுப்புகளுக்கு மட்டும் லீவு போட்டுப் போக வேண்டியிருக்கும். கவனிக்க வேண்டியது ஒன்று: யாராவது 'தபாலில் பி.இ. வாங்கித் தருகிறேன்' என்று வந்தால் ஓடிவிடுங்கள், இன்ஜினியரிங்கைத் தொலைநிலையில் நடத்த அனுமதியே இல்லை.

முழுநேரம்தான் படிப்பேன் என்று மனம் சொன்னால், அந்தச் சுயநிதிக் கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதுங்கள். அண்ணா பல்கலைக்கழகத் துறைகள், அரசுக் கல்லூரிகள் எல்லாம் அதன் வழியாகத்தான். திருச்சி என்ஐடி போன்ற இடங்களுக்கு நிம்செட் என்ற நுழைவுத் தேர்வு. அதில் 120 கேள்விகளில் 50 கணக்கு, நீங்கள் கணக்கை விட்டு எத்தனை வருடமாயிற்று என்று உங்களுக்கே தெரியும்.

சித்தப்பாவும் வீட்டுப் பத்திரமும்

சித்தப்பா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. அவர் போன காலம் வேறு. பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 24 லட்சம், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 33,000 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. உங்கள் இன்றைய சம்பளத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அங்கே வேலை கிடைத்தால் இது பெரிய தொகை இல்லை. கிடைக்காமல் ஊருக்குத் திரும்பினால்?

'படிச்சு முடிச்சா ரெண்டு வருஷம் அங்கேயே இருந்து வேலை தேடலாம்' என்று சொன்னாராம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கு அது 18 மாதம். நீங்கள் போய்ப் படித்து முடிக்கும்போது இந்தக் கணக்கில்தான் வருவீர்கள். அதற்குப் பிறகும் தங்க, ஸ்பான்சர் உரிமம் வைத்திருக்கும் கம்பெனி எடுக்க வேண்டும், சம்பளமும் வரம்பைத் தாண்ட வேண்டும். 2025 ஜூலையிலிருந்து பொது வரம்பு வருடத்துக்கு 41,700 பவுண்டு, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சலுகையில் 33,400. அனுபவம் குறைந்த நெட்வொர்க் ஆளுக்கு அந்தச் சம்பளம் கொடுத்து, ஸ்பான்சர் செலவும் செய்ய எத்தனை கம்பெனி முன்வரும் என்று சித்தப்பாவையே விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். விசாவோடு வருடத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் வேறு முன்கூட்டியே கட்ட வேண்டும், அது அந்த 24 லட்சத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வெளிநாடே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. இரண்டு மூன்று வருடம் ஒரு நல்ல நெட்வொர்க்கில் கை வைத்துவிட்டுப் போனால், அங்கே நீங்கள் அனுபவம் உள்ள ஆள். இப்போது போனால் பணம் கட்டிய மாணவி. பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

நைட் ஷிஃப்ட், ஏஐ, மற்ற பயங்கள்

முதல் வேலை பெரும்பாலும் நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் எல்-1, அதாவது முதல் நிலை ஆளாகத்தான் இருக்கும். இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் இடம், ஷிஃப்ட் மாறி மாறி வரும், இதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. பெண்களை இரவில் வேலை செய்ய வைக்க அவர்களின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், போக வர வண்டி, பாதுகாப்பு எல்லாம் கம்பெனி பொறுப்பு. ஆஃபர் லெட்டர் வாங்கும்போதே கேப் வண்டி உண்டா என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம், ஆண்களே கேட்கிறார்கள். முதல் இரண்டு வருடம் தாண்டினால் பகல் வேலைகள் நிறைய.

ராக் வேலை (ஸ்விட்ச்சுகளை அடுக்கி வைக்கும் இரும்புச் சட்டத்தில் மாட்டுவது, கழற்றுவது) பெண்களுக்கு ஒத்து வருமா என்று அப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் மில்லில் இருக்கும் ஸ்விட்ச்சுகள் ஒன்றோடொன்று சுற்றிச் சுற்றிப் பேசி மூச்சு முட்டிச் சாகாமல் இருப்பதற்குக் காரணம் ஸ்பானிங் ட்ரீ என்ற முறை. அதை 1985இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கியவர் ராடியா பெர்ல்மன், ஒரு பெண். அதை விளக்க ஒரு கவிதையும் எழுதி வைத்தார். அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள், கவிதையை மட்டும் விட்டுவிடலாம்.

ஏஐ பற்றி. பாஸ்வேர்டு மாற்று, போர்ட்டைத் திற என்ற ரக டிக்கெட்டுகள், அதாவது பதிவாகும் வேலைக் கோரிக்கைகள், குறைந்துகொண்டு வருவது உண்மை. அதனால்தான் சிசிஎன்ஏவிலேயே பத்து சதவீதம் ஆட்டோமேஷன் வைத்திருக்கிறார்கள், பைத்தான் என்ற நிரல்மொழியை ஒதுக்காதீர்கள். ஆனால் கட்டளை அடித்துத் தரும் கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அடித்த கட்டளை என்ன செய்யும் என்று தெரிந்தவர் பக்கத்தில் வேண்டும். என் கதையையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம், ஒரு மருத்துவமனை நெட்வொர்க்கில் பல விலேன்களைச் சேர்த்துக் கடத்தும் ட்ரங்க் போர்ட்டில் புதிதாக விலேன் 30-ஐச் சேர்க்க வேண்டும். கட்டளையில் 'ஆட்' என்று ஒரு சொல் வர வேண்டும், விட்டுவிட்டேன். அந்தச் சொல் இல்லாவிட்டால் ஸ்விட்ச் என்ன புரிந்துகொள்ளும் தெரியுமா? இனி விலேன் 30 மட்டும் போகட்டும், மற்றதெல்லாம் வேண்டாம் என்று. பில்லிங், லேப், மருந்தகம் எல்லாம் ஒரே நொடியில் நின்றன. கட்டளையில் எழுத்துப்பிழை கிடையாது, ஸ்விட்ச்சும் மறுப்பு சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. பதினொரு நிமிடம். இன்றைக்கும் அந்த வரியை அடிக்கும்போது என்டர் தட்டுவதற்கு முன் ஒரு தடவை விரல் நிற்கும்.

சரி, என்ன செய்யலாம்?

மில் வேலையில் இருங்கள். சம்பளத்துக்காக இல்லை, அங்கே உங்களிடம் ஒரு உயிருள்ள லேப் இருக்கிறது. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி தளத்தில் கணக்குத் தொடங்கினால் பாக்கெட் ட்ரேசர் இலவசம், திரையிலேயே நெட்வொர்க் கட்டிப் பழகும் மென்பொருள் அது. தினம் ஒன்றரை மணி நேரம், ஆறேழு மாதம். கையில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தால், சென்னை ரிச்சி தெருவில் பழைய சிஸ்கோ ஸ்விட்ச் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும், அதில் கட்டளை அடிக்க உதவும் கன்சோல் கேபிளையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஃபயர்வால் மேல் ஆசை இருந்தால் ஃபோர்ட்டினெட் நிறுவனம் தன் பாடங்கள் பலவற்றை இலவசமாகவே ஆன்லைனில் வைத்திருக்கிறது, ஆனால் அது சிசிஎன்ஏவுக்கு அப்புறம்.

தயாராகிவிட்டோமா என்று எப்படித் தெரியும்? மில்லில் 70 கேமரா என்று எழுதியிருந்தீர்கள். அவற்றை ஒரு தனி விலேனில் போட /26 என்ற அளவுள்ள முகவரித் தொகுதி போதுமா? பேப்பர் எடுக்காமல், இருபது விநாடிக்குள். 64 முகவரி, அதில் முதலும் கடைசியும் போக 62, எனவே போதாது, /25 எடுத்தால் 126 என்று வாயில் வர வேண்டும். கேட்வேக்கும் (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசலுக்கும்) ஒன்று வேண்டுமே என்று நீங்களே சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

தேர்வுக்கு வரியோடு சேர்த்து முப்பதாயிரம் பக்கம் ஆகும், மாதம் ஐந்தாயிரம் எடுத்து வையுங்கள். இரண்டு மணி நேரம், ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது, அதனால் முதல் கேள்வியிலேயே பத்து நிமிடத்தைத் தொலைக்காதீர்கள். தவறினால் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம், பணம் மட்டும் மறுபடி கட்ட வேண்டும். சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும் என்று நினைத்திருக்கிறீர்கள், இல்லை, மூன்று வருடம்தான். அதற்குள் வேறொரு தேர்வு எழுதியோ, 30 புள்ளிகளுக்குப் பயிற்சி எடுத்தோ புதுப்பிக்க வேண்டும். வேலையில் இருப்பவர்களுக்கு அது சிரமமில்லை, பல இடங்களில் செலவைக் கம்பெனியே கொடுக்கும். சிசிஎன்பியையும் அந்தக் காசில் எழுதிக்கொள்ளலாம் என்பதால்தான் இப்போது வேண்டாம் என்கிறேன்.

சிசிஎன்ஏ கையில் வந்ததும் சென்னை, பெங்களூரு, கோவை என்று விண்ணப்பிக்க ஆரம்பியுங்கள், வேலை கிடைத்து ஷிஃப்ட் பழகியதும் இக்னோவில் சேருங்கள். பயோடேட்டாவில் 'சிஸ்டம் அட்மின், மூன்று வருடம்' என்று ஒரு வரியோடு விடாதீர்கள். எத்தனை ஸ்விட்ச், எத்தனை கம்ப்யூட்டர், எத்தனை கேமரா, எந்தப் பழுதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள். அந்த 192.168.0 காலையை மறக்காமல் போடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை. பாக்கெட் ட்ரேசரில் ஒரு ஸ்விட்ச், மூன்று கம்ப்யூட்டர், இரண்டு ரூட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூட்டர் மில்லின் டிஹெச்சிபி சர்வர், இன்னொன்று யாரோ கேன்டீனில் மாட்டியது. முதலில் ஸ்னூப்பிங் இல்லாமல் ஓட்டி, கம்ப்யூட்டர்கள் எந்த முகவரியை வாங்குகின்றன என்று பாருங்கள். பிறகு அந்த நாலு வரியைப் போடுங்கள். எல்லாம் சரியாகப் போட்டும், நல்ல ரூட்டரிடமிருந்தே முகவரி வராமல் போக வாய்ப்பு அதிகம். பயப்படாதீர்கள், தப்பு உங்களுடையது இல்லை, ஐந்தாவதாக ஒரு வரி வேண்டும். 'ஆப்ஷன் 82' என்று தேடிப் பாருங்கள். கண்டுபிடித்ததும் எனக்கு எழுதுங்கள், மதுரை வெண்டரிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.